தோண்டி எடுத்ததை யாரைக் கேட்டு வைப்பது?

1970-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பசிபிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அலாவா முனையில் ஒரு குளிர்காலப் புயல் கரையை அரித்துவிட்டுப் போனது. அரித்த இடத்தில் சேற்றுக்குள்ளிருந்து மரப்பலகைகள் எட்டிப் பார்த்தன. பலகைகளுக்கு இடையே ஆட்கள் புழங்கிய பொருள்கள். பல நூறு ஆண்டுகளுக்கு முன் மண் சரிந்து மூடிய ஒரு வீட்டின் மூலை அது. அங்கே சாலை கிடையாது, காட்டுப் பாதையில் 5 கிலோமீட்டர் நடந்துதான் போக வேண்டும். அப்படி நடந்து வந்தவர்களில் சிலர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போகத் தொடங்கினார்கள்.

அந்த இடத்தின் பெயர் ஓசெட். மக்கா என்னும் பூர்வகுடி மக்களின் ஐந்து ஊர்களில் ஒன்று. சேதி மக்கா மக்களின் தலைவராக இருந்த எட் கிளாப்லன்ஹூவின் காதுக்கு எட்டியது. அவர் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த தொல்லியலாளர் ரிச்சர்ட் டாகர்ட்டியைத் தொலைபேசியில் கூப்பிட்டார். டாகர்ட்டி 1960-களிலேயே அந்தக் கரையில் வேலை செய்தவர், ஊருக்குத் தெரிந்த முகம்.

யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். அதுவரை வழக்கம் வேறு. தொல்லியலாளர் தானாக வருவார், தோண்டுவார், கிடைத்ததைப் பெட்டியில் அடைத்துத் தொலைவில் உள்ள நகரத்துக்குக் கொண்டுபோவார். ஊர்க்காரர்களுக்குக் கூலி கிடைத்தால் உண்டு. ஓசெட்டில் ஊர்த்தலைவர் ஆய்வாளரை அழைத்தார். தோண்டலாம், கிடைப்பது எங்கள் ஊரிலேயே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பதினோரு ஆண்டுகள், 1981 வரை அகழாய்வு நடந்தது. 55,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. அவை இன்றும் நீயா பே என்ற மக்கா ஊரில், அந்த மக்களே நடத்தும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பூர்வகுடி மக்களோடு சேர்ந்து தொல்பொருள் சேகரங்களைக் காப்பது என்றால் என்ன என்று யாராவது கேட்டால், நான் ஓசெட்டிலிருந்துதான் தொடங்குவேன்.

<b>தோண்டிய பிறகு</b>

அகழாய்வு என்றதும் நம் கண்ணில் வருவது குழியும் மண்வெட்டியும் தூரிகையும்தான். அது வேலையின் சிறு பகுதி. ஒரு பருவம் தோண்டினால், அதில் கிடைத்ததைப் பல தலைமுறைகள் வைத்துக் காப்பாற்ற வேண்டும். ஒவ்வொரு துண்டையும் கழுவி, எண் எழுதி, பதிவேட்டில் ஏற்றி, பையில் போட்டு, பெட்டியில் வைத்து, ஈரமும் வெயிலும் பூச்சியும் அண்டாத அறையில் அடுக்க வேண்டும். எந்தக் குழியில், எந்த மண்ணடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடைத்தது என்ற குறிப்பு பொருளோடு கூடவே இருக்க வேண்டும். அந்தக் குறிப்பு தொலைந்தால் பொருள் பாதி செத்த மாதிரி. இந்த வேலையைப் பார்ப்பவர் காப்பாட்சியர். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் அந்தப் பதவிக்கு அதுதான் பெயர்.

சரி, இதில் ஊர் மக்களுக்கு என்ன வேலை? ஈரப்பதத்தை அளக்கக் கருவி இருக்கிறது, எண் எழுத ஆள் இருக்கிறார், பூட்டும் சாவியும் இருக்கிறது.

நம் ஊர் சாமிப்பெட்டியை எண்ணிப் பாருங்கள். தென்மாவட்டங்களில் குலதெய்வத்துக்குப் பெட்டி உண்டு. சிவராத்திரிக்குத் திறப்பார்கள். யார் தூக்கலாம், எத்தனை நாள் விரதம் இருக்க வேண்டும், உள்ளே இருப்பதை யார் பார்க்கலாம் என்பதெல்லாம் பங்காளிகளுக்குத் தெரியும். எங்கும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். அந்தப் பெட்டி ஏதோ ஒரு காரணத்தால் வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றுக்குப் போய்விட்டது என்று வையுங்கள். அங்கே பதிவேட்டில் என்ன இருக்கும்? ‘மரப்பெட்டி, 1. மூடி விரிசல். உள்ளே துணி, உலோகப் பொருள்கள்.’ ஒரு சொல்லும் தவறில்லை. ஆனால் அந்தப் பெட்டி என்ன என்பது அந்த வரியில் இல்லவே இல்லை. அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறார்கள், அவர்களை யாரும் கேட்கவில்லை.

அமெரிக்க அருங்காட்சியகங்களின் வைப்பறைகளில் இப்படிக் கேட்கப்படாமல் கிடந்தவை கொஞ்சநஞ்சமல்ல.

<b>கேட்காமல் எடுத்த காலம்</b>

1860-களில் அமெரிக்க ராணுவத்தின் தலைமை மருத்துவர் அலுவலகமே பூர்வகுடி மக்களின் மண்டையோடுகளைச் சேகரித்து அனுப்பச் சொன்னது. போர்க்களத்திலிருந்தும் இடுகாட்டிலிருந்தும் அவை வாஷிங்டன் நகரின் ராணுவ மருத்துவ அருங்காட்சியகத்துக்குப் போயின. 1906-இல் தொல்பொருள் சட்டம் வந்தது. திருட்டுத் தோண்டலைத் தடுக்க வந்த சட்டம்தான் அது. ஆனால் அரசு நிலத்தில் கிடைக்கும் எலும்பும் குடமும் அரசுக்குரிய ஆய்வுப்பொருள் என்று ஆயிற்று. அந்தக் குடத்தில் கஞ்சி காய்ச்சியவரின் பேரப்பிள்ளைகள் அடுத்த ஊரிலேயே இருந்தாலும், அவர்களுக்குச் சொல்ல இடம் இல்லை.

இந்த நிலை எவ்வளவு கொடியது என்பதை 1971-இல் அயோவா மாநிலத்தில் நடந்த ஒன்று காட்டியது. கிளென்வுட் என்ற ஊருக்குப் பக்கத்தில் சாலை போடும்போது பழைய இடுகாடு ஒன்று குறுக்கே வந்தது. வெள்ளையர் 26 பேரின் எலும்புகள் கிடைத்தன. கூடவே ஒரு பூர்வகுடிப் பெண்ணின் எலும்பும் அவள் குழந்தையின் எலும்பும் கிடைத்தன. 26 பேரையும் வேறு இடுகாட்டில் முறைப்படி புதைத்தார்கள். அந்தத் தாயையும் பிள்ளையையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். ஒரே இடுகாட்டில் கிடந்தவர்களுக்கு இரண்டு நீதி. யாங்டன் சூ மக்களைச் சேர்ந்த மரியா பியர்சனின் கணவர் நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளர். அவர் வழியாகத்தான் இது மரியாவுக்குத் தெரிய வந்தது. அவர் தன் மக்களின் மரபு உடையை உடுத்திக்கொண்டு நேரே ஆளுநர் அலுவலகத்துக்குப் போய், எங்கள் மக்களின் எலும்பைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார். விடவில்லை. 1976-இல் பூர்வகுடிகளின் கல்லறைகளையும் காக்கும் சட்டம் அயோவாவில் வந்தது. நாட்டிலேயே அது முதல் சட்டம்.

நாடு முழுமைக்கும் சட்டம் வர 1990 நவம்பர் ஆயிற்று. பூர்வகுடி அமெரிக்கர் கல்லறைப் பாதுகாப்பு மற்றும் மீட்டளிப்புச் சட்டம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். அரசுப் பணம் வாங்கும் எந்த அருங்காட்சியகமும் தன்னிடம் உள்ள எலும்புகள், கல்லறைகளில் உடன் வைத்த பொருள்கள், புனிதப் பொருள்கள், ஊருக்கே பொதுவான மரபுப் பொருள்கள் ஆகியவற்றைக் கணக்கெடுத்து, உரிய மக்களுக்குத் தெரிவித்து, அவர்கள் கேட்டால் திருப்பித் தர வேண்டும். அமெரிக்க தேசிய அருங்காட்சியகங்களை நடத்தும் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு மட்டும் 1989-இலேயே தனிச் சட்டம்.

இந்தப் பட்டியலில் அன்றாடப் பொருள்கள் இல்லை. உடைந்த சட்டி, கல் அம்புமுனை, மீன் முள், கருகிய விதை எல்லாம் சட்டத்துக்கு வெளியேதான் நிற்கின்றன. சேகரங்களில் பெரும்பகுதி அப்படிப்பட்டவைதான். ஆகவே திருப்பிக் கொடுப்பதோடு கதை முடிவதில்லை. அருங்காட்சியகத்திலேயே இருக்கப்போகிற பொருள்களை யார் சொற்படி வைப்பது என்பது அடுத்த கேள்வி. இந்தக் கட்டுரையே அதைப் பற்றியதுதான்.

<b>ஓசெட்டின் அலமாரிகள்</b>

மறுபடியும் மக்கா ஊருக்குப் போவோம்.

ஓசெட்டில் வீடுகளை மூடியது ஈரக் களிமண். காற்றுப் புகாத சேறு. அதனால் மற்ற இடங்களில் மக்கிப்போகும் மரமும் நாரும் கூடையும் பாயும் அங்கே அப்படியே கிடந்தன. ஆனால் தண்ணீரில் ஊறிய மரம் வெண்ணெய் மாதிரி. கொத்துக் கரண்டி பட்டால் கீறிவிடும். அதனால் தோண்டியவர்கள் தண்ணீர்க் குழாயைப் பிடித்து, பீய்ச்சும் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், சேற்றைக் கரைத்துக் கரைத்து எடுத்தார்கள். கனமான மண்ணுக்கு வேகமாக, கூடையின் பின்னல் தெரியத் தொடங்கியதும் மெல்ல. வெளியே எடுத்ததும் மரம் உலர்ந்து சுருங்கி வெடிக்கும். ஆகவே பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகுக் கரைசலில் ஊறப்போட்டார்கள். மரத்துக்குள் இருக்கும் தண்ணீரின் இடத்தை அந்த மெழுகு மெதுவாகப் பிடித்துக்கொள்ளும். அந்தக் குழாயைப் பிடித்தவர்களில் மாணவர்களோடு மக்கா இளைஞர்களும் இருந்தார்கள். எடுத்த பொருள்களை ஊரின் மூத்தவர்கள் வந்து பார்த்தார்கள். ஆய்வாளர்களுக்கு வெறும் செதுக்கிய கட்டையாகத் தெரிந்ததற்கு அவர்களிடம் பெயர் இருந்தது, பயனும் தெரிந்திருந்தது.

ஒரு பொருளைக் கிட்டத்தில் பார்ப்போம். திமிங்கலத்தின் முதுகுத் துடுப்பைப் போலச் செவ்வகில் மரத்தில் செய்த ஒன்று அங்கே கிடைத்தது. அதன்மேல் 700-க்கும் அதிகமான கடல்நீர்நாய்ப் பற்களை ஒவ்வொன்றாகப் பதித்திருக்கிறார்கள். அடிப்பகுதியில் பற்களே கோடாகி ஓர் உருவம் காட்டுகிறது: இடிப்பறவை என்னும் புராணப் பறவை தன் கால்களில் பாம்பைப் பிடித்திருக்கிறது. மக்கா மக்கள் திறந்த கடலில் மரப்படகில் போய்த் திமிங்கலம் பிடித்தவர்கள். 1855-இல் அமெரிக்க அரசோடு ஒப்பந்தம் போட்டபோதுகூடத் திமிங்கல வேட்டை உரிமையை எழுதி வாங்கிக்கொண்டவர்கள். கலை அருங்காட்சியகம் ஒன்றில் இந்தத் துடுப்பு இருந்தால் ‘மரச் சிற்பம்’ என்ற அட்டையோடு நின்றிருக்கும். மக்காவுக்கு அது வேட்டையோடும், வேட்டைத் தலைவனின் குடும்பத்தோடும், அதற்கான நோன்போடும் பிணைந்தது.

1979-இல் மக்கா பண்பாட்டு ஆய்வு மையம் நீயா பே ஊரில் திறந்தது. காட்சிக் கூடம் அழகானது. உள்ளே முழு அளவில் ஒரு நீள்வீடு கட்டியிருக்கிறார்கள், அதற்குள் நடந்து போகலாம். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது பார்வையாளர் போகாத வைப்பறைதான்.

வழக்கமான வைப்பறையில் மரம் ஒரு பக்கம், கல் ஒரு பக்கம், எலும்பு ஒரு பக்கம் என்று பிரிப்பார்கள். அல்லது ஆயுதம், பாத்திரம், அணிகலன் என்று பிரிப்பார்கள். மக்கா மையத்தில் பொருள்களை அவை கிடைத்த வீட்டின்படி சேர்த்து வைத்தார்கள். காரணம் எளிது. மக்கா மரபில் பொருள் மட்டுமல்ல, பாட்டும் பெயரும் சின்னமும்கூடக் குடும்பத்தின் சொத்து. ஒரு வீட்டுச் சாமானை இன்னொரு வீட்டுச் சாமானோடு கலப்பது அவர்களுக்குச் சரியாகப் படாது. அப்புறம், ஒவ்வொரு பொருளுக்கும் மக்கா மொழிப் பெயரைத் தேடினார்கள். சொல்லின் பகுதிகளை வைத்துப் பார்த்தபோது, ஆங்கிலத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை மக்கா மொழியில் ஒரே குடும்பமாக நின்றன. அந்தச் சொற்குடும்பத்தின்படியே அலமாரியை ஒழுங்கு செய்தார்கள். அலமாரி மொழிக்குப் பாடமாயிற்று, மொழி அலமாரிக்கு வழிகாட்டியாயிற்று. மக்கா மொழியைப் பேசுபவர்கள் விரல்விட்டு எண்ணும்படிக் குறைந்துகொண்டிருந்த காலம் அது. மையத்தோடு சேர்ந்தே மொழித் திட்டமும் நடந்தது.

இன்னொரு விதியும் உண்டு. வேட்டையும் சடங்கும் சார்ந்த சில பொருள்களைப் பெண்கள் கையாளக் கூடாது என்பது மரபு. அவற்றுக்கு அடையாளம் இட்டு வைத்திருக்கிறார்கள். இதைப் படிக்கும்போது நம்மில் பலருக்கு மனம் சுருங்கும். எனக்கும் சுருங்கியது. ஆனால் அந்த விதி இருக்கலாமா, மாறலாமா என்று பேச வேண்டியவர்கள் மக்கா பெண்களும் ஆண்களும்தான். அந்த மையத்தை நடத்துவதில் மக்கா பெண்களுக்குப் பெரிய பங்கு இருந்திருக்கிறது. வெளியிலிருந்து வந்த ஒரு காப்பாட்சியர் ‘இது பழைய பழக்கம்’ என்று ஒரே வரியில் அதைத் தள்ளிவிடுவதுதான் நூறு ஆண்டுகளாக நடந்துவந்தது.

<b>மக்கிப்போக வேண்டிய பொருள்</b>

காப்பது என்றால் கெடாமல் வைப்பது. இதில் என்ன சந்தேகம் என்று நானும் நினைத்திருந்தேன், ஸூனி மக்களைப் பற்றிப் படிக்கும் வரை.

நியூ மெக்சிகோவில் வாழும் ஸூனி மக்கள் அஹாயூடா என்னும் காவல் தெய்வங்களை மரத்தில் செதுக்கி, ஊரைச் சுற்றியுள்ள மேட்டுநிலக் கோயில்களில் திறந்தவெளியில் நிறுத்துவார்கள். கரடிக் குலத்தாருக்கும் மான் குலத்தாருக்கும் உரிய பணி அது. அந்த மரம் வெயிலில் காய்ந்து, மழையில் நனைந்து, மெல்ல மக்கி மண்ணோடு சேர வேண்டும். சேரும்போதுதான் அதன் ஆற்றல் உலகுக்குப் போய்ச் சேர்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. புதியதை வைக்கும்போது பழையதைத் தூக்கி எறிவதில்லை, அங்கேயே மக்க விடுவார்கள்.

பார்த்தவர்களுக்கு அவை கைவிடப்பட்டவையாகத் தெரிந்தன. எடுத்துக்கொண்டு போனார்கள். அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள், உலர்ந்த காற்றில், பூச்சி அரிக்காமல் பத்திரமாக வைத்தார்கள். அந்தப் பத்திரமே ஸூனி மக்களுக்குத் துன்பம். தெய்வம் தன் வேலையைச் செய்ய முடியாமல் அடைபட்டுக் கிடக்கிறது என்றார்கள். 1978-இலிருந்து, சட்டம் எதுவும் வருவதற்கு முன்பே, ஒவ்வொரு அருங்காட்சியகமாகப் போய்ப் பேசினார்கள். வழக்குப் போட்டு மிரட்டுவதைவிடப் பொறுமையாக விளக்குவதையே அதிகம் செய்தார்கள். டென்வர் கலை அருங்காட்சியகம் கொடுத்தது, 1987-இல் ஸ்மித்சோனியன் கொடுத்தது, பிறகு ஒவ்வொன்றாக வந்தன. திரும்பி வந்தவற்றை மறுபடி யாரும் திருடாதபடி காவலோடு, ஆனால் மேலே வானம் திறந்த இடத்தில் வைத்தார்கள். இப்போது அவை மக்கிக்கொண்டிருக்கின்றன.

ஒரு காப்பாட்சியருக்கு இதை ஏற்றுக்கொள்வது எவ்வளவு கடினம் என்று எனக்குப் புரிகிறது. படித்த படிப்பு முழுவதும் அழிவைத் தடுப்பது பற்றித்தான். ஆனாலும் சிலர் ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு அவர்களைப் பாராட்ட வேண்டும்.

<b>நாள்தோறும் நடக்கும் வேலை</b>

பெரிய கதைகளை விட்டுவிட்டு, இன்று ஒரு வைப்பறையில் இது எப்படி நடக்கிறது என்று பார்த்தால், சின்னச் சின்னக் காரியங்கள்தான்.

பொருள்களைப் பார்க்க மூத்தவர்கள் வருகிறார்கள். அவர்களுக்குப் பயணப்படி கொடுக்க வேண்டும், உட்கார இடம் வேண்டும், அவசரப்படுத்தாத நேரம் வேண்டும். சிலர் பொருளின் முன் மூலிகைப் புகை காட்டுவார்கள். புகை எழுந்தால் தீ எச்சரிக்கை மணி அடித்துத் தண்ணீர் கொட்டும் அறையில் அது எப்படி முடியும்? மேரிலாந்தின் சூட்லாந்தில் அமெரிக்க இந்தியருக்கான தேசிய அருங்காட்சியகம் தன் வைப்பகத்தைக் கட்டும்போது, பூர்வகுடி மக்களைக் கலந்து பேசி, உள்ளேயும் வெளியேயும் சடங்குக்கான இடம் ஒதுக்கியது. சில சமூகங்கள் பொருளுக்கு உயிர் உண்டு, அது மூச்சு விட வேண்டும் என்கின்றன. காற்றுப் புகாத நெகிழிப் பைக்குப் பதில் பருத்தித் துணியில் பொதிந்து வைக்கலாம். செலவு அதிகமில்லை, கேட்க வேண்டும் என்று தோன்றினால் போதும்.

ஓர் ஆபத்தான விஷயமும் இருக்கிறது. பழைய காலத்தில் பூச்சி அரிக்காமல் இருக்க இறகு, தோல், மரப் பொருள்கள்மேல் ஆர்சனிக்கும் பாதரச உப்பும் தடவினார்கள். காட்சிப் பெட்டிக்குள் இருக்கும்வரை யாருக்கும் தெரியவில்லை. ஹோப்பி மக்களுக்குத் திரும்பி வந்த சடங்குப் பொருள்களில் ஆர்சனிக் இருப்பது பின்னால்தான் தெரிய வந்தது. முகத்தில் அணிய வேண்டியது, பிள்ளைகள் நடுவே ஆட வேண்டியது அது. பழைய பதிவேடுகளில் என்ன மருந்து, எப்போது அடித்தார்கள் என்று பெரும்பாலும் எழுதியே வைக்கவில்லை. பொருளை எடுத்துக் கொடுப்பதற்கு முன் நச்சுச் சோதனை செய்து, உள்ளதை உள்ளபடி சொல்வது இப்போது காப்பாட்சியரின் கடமைகளில் ஒன்று.

பதிவேட்டையும் திருத்த வேண்டியிருக்கிறது. ‘பொம்மை’ என்று எழுதியிருப்பது பொம்மையாக இருக்காது. இழிவாக அழைத்த குலப்பெயர்கள் அப்படியே கிடக்கும். பழைய சொல்லை அழித்துவிடாமல், பக்கத்தில் அந்த மக்களின் சொல்லைச் சேர்ப்பது நல்ல முறை. முன்பு என்ன நடந்தது என்பதும் ஓர் ஆவணம்தானே.

படங்களை இணையத்தில் போடலாமா? எல்லாம் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது இன்றைய மனப்பாங்கு. ஆனால் சில அறிவு சிலருக்கு மட்டும் உரியது என்று வாழும் மக்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் டென்னன்ட் கிரீக்கில் வாருமுங்கு மக்களோடு சேர்ந்து உருவான முக்குர்ட்டு என்ற மென்பொருள் இதற்கென்றே செய்யப்பட்டது. முக்குர்ட்டு என்பது அவர்கள் மொழியில் பொருள்களைப் பத்திரமாக வைக்கும் பையின் பெயர். இந்தப் படத்தை இந்தக் குடும்பம் மட்டும் பார்க்கலாம், இதைப் பெண்கள் மட்டும், இறந்தவர் படம் இருப்பதால் இதை முன்னறிவிப்போடு என்று அந்தச் சமூகமே வரையறுத்துக்கொள்ளலாம்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வேறுபாடு இருக்கிறது. ‘உங்கள் கருத்து என்ன?’ என்று கேட்பது ஒன்று. ‘உங்கள் சம்மதம் இல்லாமல் செய்ய மாட்டோம்’ என்பது வேறொன்று. முதலாவதில் கேட்டுவிட்டு நினைத்ததைச் செய்யலாம். பல ஆண்டுகள் அப்படித்தான் நடந்தது. 2024 ஜனவரியில் அமெரிக்காவில் நடப்புக்கு வந்த புதிய விதிகள் இரண்டாவதைக் கட்டாயமாக்கின. சட்டத்தில் வரும் பொருள்களைக் காட்சிக்கு வைக்கவோ ஆய்வுக்குத் திறக்கவோ முன்கூட்டியே சம்மதம் வாங்க வேண்டும். அந்த மாதமே நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இரண்டு பெரிய கூடங்களை மூடியது. சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகம் சில காட்சிப் பெட்டிகளை மூடி மறைத்தது. 1990-இல் சட்டம் வந்து முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்தும் கேட்காத கேள்விகள் எத்தனை மிச்சம் இருந்தன என்பதை அந்த மூடிய கதவுகள் சொல்லின.

<b>அறிவியல் நின்றுவிடுமா?</b>

இந்தக் கேள்வி நேர்மையானது, பதில் சொல்ல வேண்டும். சம்மதம் கேட்டுக்கொண்டிருந்தால் ஆய்வு முடங்கும், எலும்புகளைப் புதைத்தால் அறிவு புதைந்துபோகும் என்று பல நல்ல ஆய்வாளர்களே அஞ்சினார்கள்.

1996 ஜூலையில் வாஷிங்டன் மாநிலத்தின் கெனவிக் நகரில், கொலம்பியா ஆற்றங்கரையில் ஒரு மண்டையோடு கிடைத்தது. எலும்பின் வயது 8,500 ஆண்டுகளுக்கு மேல். அந்தப் பகுதியின் ஐந்து பூர்வகுடிக் குழுக்கள் சேர்ந்து, இவர் எங்கள் மூத்தவர், புதைக்கக் கொடுங்கள் என்றன. சில அறிவியலாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். மண்டையோட்டின் அளவை வைத்து இவர் இன்றைய பூர்வகுடிகளின் முன்னோராக இருக்க முடியாது என்ற வாதம் பெரிதாகப் பேசப்பட்டது. 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அறிவியலாளர் பக்கம் தீர்ப்பளித்தது.

2015-இல் மரபணு ஆய்வு வெளிவந்தது. அவர் இன்றைய பூர்வகுடி அமெரிக்கர்களுக்கே நெருங்கியவர். அந்த முடிவுக்கு வர ஒப்பிட்டுப் பார்க்க உயிரோடு இருப்பவர்களின் மரபணு வேண்டும். அதைக் கொடுத்தவர்கள் கொல்வில் மக்கள், உரிமை கேட்ட அதே ஐந்து குழுக்களில் ஒன்று. ஆண்டுக்கணக்கில் நடந்த வழக்கு தராத பதிலை அந்த மக்களின் ஒத்துழைப்பு தந்தது. 2017 பிப்ரவரியில் அவரைப் புதைத்தார்கள். அவர்கள் அவரை ‘தொன்மையானவர்’ என்றே அழைத்தார்கள். செய்தித்தாள்களுக்கு மட்டும் அவர் கெனவிக் மனிதன்.

எல்லா இடத்திலும் இப்படிச் சுமுகமாக முடியும் என்று சொல்ல மாட்டேன். ஒரு சமூகம் என்றால் ஒரே குரல் இல்லை. ஆஸ்திரேலியாவின் முங்கோ ஏரியில் 1974-இல் கிடைத்த, சுமார் 42,000 ஆண்டு பழமையான மனிதரின் எலும்புகள் 2017-இல் ஊர் திரும்பின. ஆனால் எங்கே, எப்படி வைப்பது என்பதில் அந்த நிலத்துக்குரிய மக்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. 2022-இல் புதைத்தபோது மனம் புண்பட்டவர்களும் அவர்களுக்குள்ளேயே இருந்தார்கள். கூட்டாகக் காப்பது என்றால் இந்தச் சச்சரவுக்கும் நேரம் கொடுப்பதுதான். யாராவது ஒருவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவது கூட்டு ஆகாது.

நமக்குப் பக்கத்திலும் இது நடந்திருக்கிறது. காலனிக் காலத்தில் இலங்கையிலிருந்து போன வேடர் மக்களின் ஒன்பது மண்டையோடுகள் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் நூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. 2019 நவம்பரில் வேடர் தலைவர் வன்னில அத்தோ நேரில் அங்கே போய் அவற்றைப் பெற்றுக்கொண்டார்.

<b>மிச்சம் இருப்பது</b>

மக்கா மக்கள் 1920-களில் கைவிட்ட திமிங்கல வேட்டையை 1999 மே மாதம் மறுபடி நடத்தினார்கள். அதற்குக் கடும் எதிர்ப்பு இருந்தது, வழக்குகள் நடந்தன. அது தனிக்கதை. அன்று கிடைத்த சாம்பல் திமிங்கலத்தின் எலும்புக்கூடு இப்போது நீயா பே மையத்தில், ஓசெட்டில் கிடைத்த ஈட்டிகள் இருக்கும் அதே கட்டிடத்தில் இருக்கிறது. அங்கே வரும் மக்கா பிள்ளைக்குப் பழையது எது, நேற்றையது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஓசெட்டில் 1981-இல் குழிகளை மூடிவிட்டார்கள். மண் சரிந்து மூடிய வீடுகள் எல்லாவற்றையும் அவர்கள் தோண்டவில்லை. மற்றவை இன்னும் அந்த ஈரச் சேற்றுக்குள் இருக்கின்றன. கடல் பக்கத்திலேயே இருக்கிறது, அடுத்த புயலும் வரலாம். வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று நீயா பே ஊரில்தான் முடிவெடுப்பார்கள்.